ஓய்வறியாப் படைத்தலைவர் சர் ஆர்தர் காட்டன்

பதவி முடிந்த நாளில் தொண்டும் முடிந்ததென்று கருதுவோர் உலகிற் பலர். அங்ஙனம் கருதாது, உத்தியோகத்தை விட்ட பின்னரும் முப்பத்தொன்பது ஆண்டுகள் தாம் மேற்கொண்ட ஒரே காரியத்திற்காக எழுதியும் பேசியும் வாதாடியும் உழைத்த ஒருவரைக் குறித்து ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் படையிற் பயின்று, போர்முனை கண்டு, ஜெனரல் என்னும் உயர்ந்த பதவியை எய்தியவர். எனினும் அவர் வென்ற களங்களின் பெயரை இன்று அறிவார் அரியர். ஆற்று மணலில் அவர் இட்ட அணைகளோ அவர் பெயரை நாடோறும் சொல்லி நிற்கின்றன. அவரே சர் ஆர்தர் தாமஸ் காட்டன்.

கொங்கு நாட்டில் வாழும் நமக்கு அவர் வரலாறு சிறப்பாக உரியது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். அவ்வைப்பின் பொருளை அன்னூர்ப் பக்கத்து உழவருக்கு ஆசிரியர் எவரும் விளக்க வேண்டுவதில்லை. பவானியாறு வடக்கே தாழ்ந்த நிலத்தில் ஓடுகின்றது. அன்னூரோ கோயமுத்தூருக்கு வடகிழக்கே, சத்தியமங்கலம் செல்லும் சாலையில், மேட்டு நிலத்தில் அமைந்துள்ளது. ஆற்றின் பெயரைக் கேட்கலாம். அதன் நீர் தானாக வந்து பாயாது. பாறையைப் பிளந்து கிணறு வெட்டுவதும், கவலை பூட்டி இறைப்பதும், மழை பொய்த்த ஆண்டில் வானத்தை நோக்கியிருப்பதும் அந்நிலத்தார் தலைமுறை தலைமுறையாக அறிந்த வாழ்க்கை. இத்தகைய வறண்ட நிலங்களைத் தம் வாலிபப் பருவத்தே கண்டு, நீரே இந்நாட்டின் முதற்செல்வம் என்று தெளிந்து, அத்தெளிவைத் தொண்ணூற்றாறு வயது வரை கைவிடாதவர் காட்டன்.

அவர் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் ஹென்றி கால்வெலி காட்டன் என்பார்க்குப் புதல்வர் பதினொருவர். அவருள் ஆர்தர் பத்தாமவர். பெரிய குடும்பமாதலின் பிள்ளைகள் இளமையிலேயே தத்தமக்கு ஒரு தொழிலைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆர்தர் பதினைந்தாம் வயதில், கிழக்கிந்தியக் கும்பினியார் அடிஸ்கோம் என்னுமிடத்தில் நடத்திய இராணுவக் கல்லூரியிற் சேர்ந்தார். கோட்டை கட்டுதல், கோட்டை தகர்த்தல், பாலம் அமைத்தல், நிலம் அளத்தல் ஆகிய கலைகளை அங்குப் பயின்று, 1819-இல் சென்னைப் பொறியாளர் படையில் இரண்டாம் லெப்டினண்டாக நியமனம் பெற்றார். சிறிது காலம் தம் நாட்டில் நில அளவைப் பணியிற் பழகிய பின், 1821-இல் சென்னைக் கரையில் வந்து இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. நம் கல்லூரியின் முதல் வகுப்புகளிற் பயிலும் மாணாக்கர் வயதே.

சென்னையில் தலைமைப் பொறியாளர் அலுவலகத்தில் சில காலம் இருந்த பின்னர், அவர் ஏரி இலாகாவின் தென்பகுதிக்கு அனுப்பப்பட்டார். கோயமுத்தூர், மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஜில்லாக்கள் அப்பகுதியைச் சேர்ந்தவை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள பாம்பன் கால்வாயையும் அவர் அளந்து ஆராய்ந்தார். ஏரிக் கரைகளையும் மதகுகளையும் பார்வையிடும் வேலை இளம் படைவீரருக்குப் பெரும் புகழ் தரக்கூடியதன்று. ஆயினும் தமிழ்நாட்டு உழவன் ஒரு மதகு உடைந்தால் என்ன ஆகின்றான், ஒரு கரை நின்றால் எவ்வாறு பிழைக்கின்றான் என்பதை அவ்வேலையே அவருக்குக் கற்பித்தது.

இடையே போர் குறுக்கிட்டது. 1824 முதல் 1826 வரை நடந்த முதற் பர்மியப் போருக்குக் காட்டனும் சென்றார். அங்கே பகைவர் அரண்களின் மீது பாய்ந்த படைப்பகுதிகளை முன்னின்று நடத்தித் தம் ஆண்மையைக் காட்டினார். அப்போரில் வெப்பும் நோயும் வாளினும் மிகுதியான உயிர்களைக் கொண்டன. காட்டன் உயிரோடு மீண்டார். அதன் பின்னர் அவர் வாழ்வில் பெரும் போர் எதுவும் இல்லை. பெரும் ஆறுகளே இருந்தன.

1828-இல் காப்டன் பதவி பெற்ற காட்டனிடம் காவிரியை ஆராயும் பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. அக்காலத்துத் தஞ்சை நாட்டின் துயரை ஒருவாறு அறிதல் வேண்டும். திருவரங்கத் தீவின் மேல்முனையில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடக்கே செல்லும் கொள்ளிடம் சரிவு மிகுந்தது, நேராக ஓடுவது. ஆதலின் ஆண்டுதோறும் மிகுதியான நீரைத் தன்பால் ஈர்த்துக் கடலிற் சேர்த்தது. தெற்கே செல்லும் காவிரியிலோ மணல் மேடிட்டு நீர் குறைந்தது. வயல்கள் தரிசாயின; உழவர் நிலத்தை விட்டகன்றனர்; கும்பினியாரின் வரிப்பணமும் குறைந்தது. வரி குறைந்ததனாலேயே கும்பினியார் கவலை கொண்டனர் என்பதையும் மறைத்தலாகாது.

கொள்ளிடத்தின் குறுக்கே அணையிட்டு நீரைக் காவிரிக்குத் திருப்புவதே வழியென்று காட்டன் கண்டார். கண்டது எளிது, செய்வது அரிது. தோண்டத் தோண்ட மணலன்றி வேறில்லாத ஆற்றில் எதன்மேற் கடைக்கால் இடுவது? இவ்வினாவிற்கு விடையை அவர் ஐரோப்பிய நூல்களிற் பெறவில்லை. கரிகாற் சோழன் கட்டியதென்று வழிவழியாகப் போற்றப்படும் கல்லணையிலே பெற்றார். மணலின் மேலே கற்கள் அமிழ்ந்து அமிழ்ந்து தாமே இறுகி நிற்கும் அப்பண்டை முறையை அவர் நுணுகி ஆராய்ந்தார். ஆழங்காணா மணலில் அடித்தளம் நிறுவும் வித்தையைத் தாம் இந்நாட்டாரிடமிருந்தே கற்றதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார். ஆளுவோர் ஆளப்படுவோரிடம் கற்றதை ஒப்புக்கொள்ளுதல் அந்நாளில் எளிதில் நிகழாத செயல்.

1836-இல் முக்கொம்பில் மேலணையும், அதற்கு நெடுந்தொலைவு கிழக்கே கொள்ளிடத்தின் மீதே கீழணையும் எழுந்தன. மேலணை மூன்று பகுதிகளாக ஏறத்தாழ 750 கெசம் நீளமுடையது. காவிரிக்கு நீர் திரும்பியது. ஆனால் சில ஆண்டுகளிற் புதியதொரு தொல்லை தோன்றிற்று. இப்பொழுது காவிரியில் நீர் அளவு கடந்து பாயத் தொடங்கியது. ஆதலின் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. ஆற்றைத் திருத்துவோர் ஒருமுறை கட்டிவிட்டு உறங்குதல் இயலாது. ஆற்றோடு கூடவே விழித்திருத்தல் வேண்டும் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகின்றது. அம்மேலணை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலும் நின்று, 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் அதன் மதகுகளுள் ஒன்பது உடைந்து வீழ்ந்தன. பின்னர் அவ்விடத்தே புதிய கதவணை கட்டப்பட்டது.

இங்கே ஒரு வியப்பையும் குறித்தல் தகும். பிற்காலத்தில் இருப்புப்பாதையை மறுத்து வாய்க்காலுக்காக வாதாடிய இவரே, சென்னைக்கு அருகில் செங்குன்றத்தில் 1837-இல் ஓடிய இருப்புப்பாதையை அமைத்தவர். சாலைக்குரிய செம்புறைக் கற்களைச் சுமந்த அதுவே இந்தியாவின் முதல் இருப்புப்பாதை என்பர். ஆகவே இரயிலை அறியாமல் அவர் அதனை எதிர்த்தாரல்லர்.

உழைப்பின் மிகுதியால் உடல் நலிந்து, அவர் ஆஸ்திரேலியப் பகுதிகளுக்கு ஓய்வு நாடிச் சென்றார். 1841-இல் எலிசபெத் லியர்மந்த் என்னும் அம்மையாரை மணந்தார். திரும்பி வந்த அவரைக் கோதாவரி அழைத்தது. அந்நாளில் தெலுங்கு நாட்டின் கடற்கரை ஜில்லாக்கள் பட்ட துன்பம் சொல்லுந் தரமன்று. 1833-ஆம் ஆண்டையொட்டிய குண்டூர்ப் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். 1839-இல் கோரிங்கா துறையைக் கடலும் காற்றும் சேர்ந்து அழித்தன. இவ்வளவுக்கும் இடையே பாரதத்தின் பேராறுகளுள் ஒன்றாகிய கோதாவரி, ஆண்டுதோறும் வெள்ளமாகத் திரண்டு, பயனின்றிக் கடலிற் கலந்துகொண்டிருந்தது. நீர் பெருகி ஓடும் ஆற்றின் கரையில் மனிதன் பட்டினியால் இறப்பதைக் காட்டனின் உள்ளம் பொறுக்கவில்லை.

1844-இல் அவர் தம் அறிக்கையை எழுதினார். கும்பினியாரின் ஒப்புதல் பெற்று, 1847-இல் இராஜமகேந்திரவரத்தை அடுத்த தவளேசுவரத்தில் வேலை தொடங்கிற்று. ஆறு அவ்விடத்தில் தீவுகளாற் பிரிவுண்டு நான்கு கிளைகளாய் ஓடுகின்றது. தவளேசுவரம், ராலி, மத்தூர், விஜ்ஜேசுவரம் என நான்கு அணைகளை இணைத்து ஒரே அணைத்தொடராக அமைத்தல் வேண்டும். அவர் கேட்ட பொறியாளர்களும் கொத்தர்களும் கேட்ட அளவிற் கிடைக்கவில்லை, கிடைத்தவரைக்கொண்டே தொடங்கினார். கல்லை அருகிருந்த குன்றிலே உடைத்தனர். வெள்ளம் வருமுன் ஓர் ஆண்டின் வேலை முடிந்தாக வேண்டும். முடியாவிடின் கட்டியதும் போகும். 1848-இல் அவர் உடல் மீண்டும் தளர்ந்தது. பொறுப்பைக் காப்டன் ஓர் என்பாரிடம் விட்டுச் சென்று, 1850-இல் திரும்பினார். 1852-இல் அணை நிறைவுற்றது. அதனை அடுத்து, வைநதேய கோதாவரியின் மேலே நாற்பத்தொன்பது வளைவுகளையுடைய கன்னவரம் நீர்ப்பாலமும், பெஜவாடாவில் கிருஷ்ணா அணையும் எழுந்தன. இன்று கோதாவரிக் கழனிநாட்டில் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கர் நிலம் பாசனம் பெறுகின்றது. பஞ்சத்தின் பெயரால் அறியப்பட்ட பூமி நெற்களஞ்சியம் என்னும் பெயர் பெற்றது.

1860-இல் காட்டன் இந்திய உத்தியோகத்தை விட்டுத் தாய்நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு அவருக்கு நைட் பட்டம் அளிக்கப்பட்டது. 1866-இல் மற்றுமோர் உயர்ந்த விருதும் கிடைத்தது. வயது ஐம்பத்தேழு; நோயால் நைந்த உடல்; நிறைந்த புகழ். பிறரெனின் இத்துடன் வரலாறு முடிந்திருக்கும். காட்டனுக்கோ அரிய பகுதி இனிமேற்றான் வருகின்றது. உத்தியோகத்திலிருந்த காலத்தில் அவர் சொல்லுக்கு அதிகாரம் துணைநின்றது. இனி அவருக்கு அத்துணை இல்லை. எழுதுகோலும் நாவுமே படைக்கலங்கள்.

அவர் கருத்து இதுவே. இந்தியாவின் பேராறுகளை அணைகளாலும் வாய்க்கால்களாலும் ஒன்றோடொன்று இணைத்தல் வேண்டும். அவ்வாய்க்கால்கள் வயலுக்கு நீரும் ஊட்டும். படகுகளில் பண்டமும் சுமக்கும். கங்கையையும் சிந்துவையும் இணைத்துக் கல்கத்தாவிலிருந்து கராச்சிக்கு ஒரு வழி. கோதாவரியையும் தபதியையும் இணைத்துக் காக்கிநாடாவிலிருந்து சூரத்துக்கு ஒரு வழி என்று அவர் வரைந்த வழிகளுள் ஒன்று, மலையாளக் கரையிலுள்ள பொன்னானியினின்று பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயமுத்தூரைத் தொட்டு வருவதாகும். மேலைக் கடலின் படகு நொய்யல் நாட்டின் நடுவே வந்து நிற்பதாக அவர் கண்ட அக்காட்சி எழுத்தோடு நின்றுவிட்டது. எனினும் நம் ஜில்லாவின் வறட்சியை அவர் மறந்தாரல்லர் என்பதற்கு அஃதொரு சான்று.

இக்கருத்திற்கு எதிர்ப்பு வலுத்தது. அரசாங்கம் இருப்புப்பாதையிற் பெரும்பொருளை இட்டுக்கொண்டிருந்தது. அதன் முதலாளிகளுக்கு இலாபம் உறுதி செய்யப்பட்டிருந்தது. இரயில் தானியத்தைச் சுமக்கலாம், ஆனால் விளைவிக்க மாட்டாது என்பது காட்டனின் வாதம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அவ்வாதத்தின் கொடிய உரையாக அமைந்தது. கோயமுத்தூரும் சேலமும் அப்பஞ்சத்தில் பெரிதும் நொந்தன. இரயில் தானியத்தைக் கொணர்ந்தது உண்மை. கொணர்ந்ததை விலைகொடுத்து வாங்கும் வகையற்றோர் அதனருகிலேயே மாண்டதும் உண்மை. முதிய காட்டன் கூட்டங்களிற் பேசினார், பத்திரிகைகளுக்கு எழுதினார், சிறு நூல்களை வெளியிட்டார். நோயாளரின் தாயெனப் போற்றப்பெறும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவருடைய நீர்ப்பாசனக் கொள்கையை ஆதரித்தார்.

1878-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தின் மக்கள் சபை, இந்தியப் பொதுவேலைகளை ஆராய ஒரு குழுவை அமைத்தது. எழுபத்தைந்து வயதுடைய ஜெனரல் அதன் முன் நிறுத்தி வினவப்பட்டார். அவர் கணக்குகள் மிகையென்று கருதப்பட்டன. அவர் கனவு காண்பவரென்று எள்ளப்பட்டார். குழுவினர் அவர் கொள்கையை ஏற்கவில்லை. பர்மிய அரண்களின் முன் தோலாத வீரர், தம் நாட்டுப் பிரபுக்களின் மேசை முன்னே தோற்றார்.

இத்தோல்வியில் அவருடைய பிழை சிறிதும் இல்லையென்று கூறுதல் நடுவுநிலையாகாது. சென்னை நீர்ப்பாசனக் கம்பெனியார் துங்கபத்திரையினின்று கர்நூல், கடப்பைப் பகுதிகளுக்கு வெட்டிய வாய்க்கால் அவருடைய திட்டத்தின் வழிவந்தது. செலவு மதிப்பீட்டைக் கடந்து ஏறிற்று. கரிசல் நிலத்து உழவர், மானாவாரிக்கே பழகியவராதலின், காசு கொடுத்து நீரைக் கொள்ள முன்வரவில்லை. இறுதியில் 1882-இல் அரசாங்கமே அதனை விலைக்கு வாங்கிற்று. தஞ்சையிலும் கோதாவரியிலும் பலித்தது எந்நிலத்திலும் பலிக்கும் என்று காட்டன் நம்பினார். நிலத்துக்கு நிலம் மண்ணும் மக்கள் வழக்கமும் வேறுபடும் என்பதை அவர் போதிய அளவு எண்ணவில்லை. கங்கை வாய்க்காலின் தலைப்பை இட்ட இடம் தவறென்று அவர் அதன் ஆசிரியர் சர் புரோபி காட்லியோடு நிகழ்த்திய எழுத்துப் போரிலும் சொற்கடுமை மிகுந்திருந்தது. மெய்யென்று கண்டதை மென்மையாகச் சொல்லும் கலையை அவர் பயின்றாரல்லர்.

தோல்விக்குப் பின் அவர் என்ன செய்தார்? இதுவே அவர் வாழ்வில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. மனம் கசந்து முடங்கவில்லை, பேசுவதையும் நிறுத்தவில்லை. பெரு நாட்டை உழுவிக்க இடமில்லையெனின் சிறு தோட்டத்தை உழுவோம் என்று துணிந்தார். சர்ரே மாகாணத்து டோர்க்கிங் என்னும் ஊரிலிருந்த தம் வீட்டையடுத்த நிலத்தில், மண்ணை ஆழமாகக் கொத்திக் காற்று உட்புகச் செய்து, கோதுமை விதைத்து, விளைவை அளந்தார். சிறு நிலத்தில் மிகுந்த விளைச்சல் காணக் கூடுமென்பதை மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். தொண்ணூறு வயதை எட்டியவர் மண்வெட்டியின் ஆழத்தைக் குறித்துக் கவலையுற்றிருந்தார் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றது. ஆண்டவர் மனிதனிடம் ஒப்புவித்த பூமியைப் பண்படுத்துதலும் வழிபாட்டின் ஒரு கூறே என்பது, ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியுடைய அவர் வாழ்ந்து காட்டிய நெறியாகத் தோன்றுகின்றது.

1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள், தம் தொண்ணூற்றேழாம் வயது நடக்கையில், அவர் டோர்க்கிங்கிலேயே உயிர் நீத்தார். மறு ஆண்டு அவர் மகளார் ஹோப் சீமாட்டி தந்தையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். கோதாவரி நாட்டார் அவரை மறக்கவில்லை. அவர் பிறந்த நாளில் இன்றும் அங்கே அவர் சிலைகளுக்கு மாலை சூட்டுகின்றனர். பழைய அணைக்கு ஈடாக 1982-இல் நிறைவுற்ற புதிய அணையும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

காலம் அவருக்கும் அவரை மறுத்தவர்க்கும் இடையே என்ன தீர்ப்பு வழங்கிற்று? படகுகள் மறைந்தன, இரயில் நிலைத்தது. இவ்வகையில் குழுவினர் வென்றனர். நீரின்றி நிலமில்லை, நிலமின்றிப் பஞ்சத்திற்கு முடிவில்லை என்பதை எந்த அரசும் பின்னர் மறுக்கவில்லை. இவ்வகையில் காட்டன் வென்றார். தோற்ற அன்றே அவர் வாய் மூடியிருப்பின், இவ்வெற்றி எவ்வளவு காலம் தாழ்த்திருக்கும் என்று யாரறிவார்?

இவ்வுண்மைக்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. பவானியின் உபரிநீரை வறண்ட மேட்டூர்களுக்குக் கொணர வேண்டுமென்று அவிநாசி, அன்னூர் வட்டார உழவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மன்றாடினர். மனுக்கள் எழுதினர், மாநாடுகள் கூட்டினர், கேட்டவர் இறந்தனர், அவர் மக்கள் தொடர்ந்து கேட்டனர். முடிவில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொங்குத் தலைவன் காலிங்கராயன் கட்டிய அணைக்குக் கீழே உபரிநீரை எடுத்து, எந்திரங்களால் மேட்டுக்கு ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் மாவட்டங்களில் 1,045 ஏரி குளங்களுக்கு 1.5 டி.எம்.சி. நீர் வழங்குவது அதன் ஏற்பாடு. காட்டன் அறிந்த அணைகள் நீரைச் சரிவில் இறக்கின. இத்திட்டமோ மேட்டில் ஏற்றுகின்றது. கருவி மாறிற்று, கருத்து அதுவே. தளராது கேட்டு நின்ற அவ்வுழவரும் காட்டனும் ஒரே இனத்தவர் எனலாம்.

நம் கல்லூரியை விட்டு ஆண்டுதோறும் பலர் பற்பல உத்தியோகங்களுக்குச் செல்கின்றனர். முன்னரே சென்ற பழைய மாணாக்கர் பலர் ஓய்வும் பெறுகின்றனர். உத்தியோகம் நாடு நமக்குத் தருவது. அதற்கு ஒரு நாள் குறித்து முடிவுண்டு. தொண்டு நாம் நாட்டுக்குத் தருவது. அதற்கு நாள் குறிப்பார் இல்லை. இவ்வேறுபாட்டைத் தம் நெடிய வாழ்வால் உணர்த்திய சர் ஆர்தர் காட்டனை, காவிரியில் நீர் ஓடும் வரையில் தமிழ்மக்கள் நினைத்திருத்தல் கடனாகும்.